அழுத்தாமல் விட்ட இரண்டு கட்டைகள்

சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கப்பலூரில் எங்கள் பட்டறையைச் சுற்றி இருக்கிறவர்கள், 'அந்தக் கிறிஸ்தவப் பொம்பளைக்கு ஆயுத பூஜைன்னாலே ஆகாது' என்று இன்னமும் பேசிக்கொண்டு திரிகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் அந்தப் பூஜையில் நின்று பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றவள் நான். என் கோபமெல்லாம் மனிதர்கள் மேல்தான்.

என் பெயர் தங்கம். வீடு திருநகரில். வீட்டுக்காரர் இன்பசேகரன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் அலுமினியக் கட்டைகளைச் சுட்டுப் பதம் செய்கிற பட்டறையில் சூப்பர்வைசர். முதலாளி முத்திருளன், டி. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், பருத்திக்காட்டை விற்றுப் பட்டறை வைத்தவர். நல்ல மனிதர். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன். நல்லவரிடம் கோபப்படுவது பெரும்பாடு.

எங்கள் வேலை இதுதான். ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிற அளவுக்குப் பெரிய அலுமினியக் கட்டையை ராத்திரி முழுக்க ஃபர்னஸில் வைத்துச் சுடுவோம். காலையில் கிரேனில் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் ஒரே முக்காக முக்குவோம். அப்படி முக்கினால்தான் பின்னால் அதற்குப் பலம் ஏறும். ஆனால் முக்குகிறபோது வெளிப்பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கிவிடும். உள்ளே இருப்பது பிறகுதான் குளிரும். அது சுருங்கப் பார்க்கும், ஏற்கெனவே குளிர்ந்த வெளிப்பக்கம் விட்டுக்கொடுக்காது. கட்டை முழுக்கக் குளிர்ந்த பிறகும் உள்ளுக்குள் இந்த இழுபறி அப்படியே நிற்கும். பார்த்தால் தெரியாது, தட்டிப் பார்த்தாலும் தெரியாது. ரம்பத்தை வைத்து அறுக்கிறபோதுதான் அது வெளியே வரும், அறுக்கிறவன் எதிரில் நிற்கிறபோது.

அதைத் தீர்க்கத்தான் பிரஸ் இருக்கிறது. தண்ணீரிலிருந்து எடுத்த கட்டை கொஞ்ச நேரம் இளக்கமாக இருக்கும். அந்த நேரத்துக்குள் பிரஸ்ஸில் ஏற்றி, ஒரு விரற்கடை அமுங்குகிற மாதிரி அழுத்திவிட்டால் உள்ளும் புறமும் சேர்ந்து அசைந்து கொடுத்துவிடும், இழுபறி பெரும்பாலும் போய்விடும். அந்த நேரத்தை விட்டுவிட்டால் கட்டை தானாகவே இறுக ஆரம்பிக்கும். அதற்கு அடுப்பு வேண்டாம், வெயில் வேண்டாம், சும்மா தரையில் கிடந்தாலே இறுகும். இன்றைக்கு விடுமுறை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதனிடம் செல்லாது.

ஆயுத பூஜையன்று நாலு கட்டைகள் ஃபர்னஸில் இருந்தன. 'பூஜை முடிகிற வரைக்கும் உள்ளேயே சூட்டில் கிடக்கட்டும், பூஜைக்கு மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்' என்று நான் முந்தின நாளே சொன்னேன். முதலாளி கேட்கவில்லை. பூஜை நேரத்தில் ஒரு மெஷினும் ஓடக் கூடாது, அடுப்பும் அணைந்திருக்க வேண்டும், விடியக்காலையில் எடுத்து முக்கி அழுத்தி முடித்துவிடுங்கள் என்றார். சரியென்று விடிவதற்குள் வந்து நாலையும் முக்கினோம். இரண்டு கட்டைகளைப் பிரஸ்ஸில் அழுத்தினோம். மூன்றாவதைத் தூக்கப் போகிறபோது கரண்ட் போனது.

கரண்ட் வருவதற்குள் ஆட்களின் வீட்டுக்காரிகளும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பட்டறையைக் கழுவிவிட்டு, மெஷினுக்கு மெஷின் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி முடித்துவிட்டார்கள். பிரஸ் ஓட்டுகிற பேயாண்டி தன் பிரஸ்ஸுக்கு ஆளுயர மாலை போட்டு, முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். எங்கள் பக்கத்தில் பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொட மாட்டார்கள். மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் எடுப்பார்கள். சின்ன ஸ்பானர்கூட அப்படித்தான்.

கரண்ட் வந்ததும் நான் முதலாளியிடம் போனேன். "அண்ணே, இன்னும் ரெண்டு கட்டை பாக்கி. கொஞ்ச நேரம் குடுங்க, அழுத்திட்டு பூஜையப் போட்டுக்கிருவோம்."

பேயாண்டி குறுக்கே வந்தான். "விளக்கு ஏத்தியாச்சு மேடம். இனி நாளைக்குத்தான் கை வைப்பேன். என்னையக் கொன்னு போட்டாலும் இன்னைக்குத் தொட மாட்டேன்."

"உன்னைய யாரு கேட்டா? அண்ணே, நீங்க சொல்லுங்க. இது பொழுது சாயிறதுக்குள்ள இறுகிப் போயிரும். நாளைக்கு அழுத்துனா அமுங்காது."

முத்திருளன் அண்ணன் வெள்ளை வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். கோபமே இல்லாமல் கேட்டார். "ஏம்மா தங்கம், உங்க பெரிய வெள்ளிக்கு உன்னைய ஒரு நாளாச்சும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கனா?"

கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அதற்கு மேல் பேசினால் பேச்சு கட்டையை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடும் என்று தெரிந்தது. அந்த இரண்டு கட்டைகள் பக்கம் போய் நின்றேன்.

என் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டவன் ஒருவன்தான். அழகுபாண்டி. பேண்ட்சா என்கிற பட்டை ரம்பத்தில் கட்டை அறுக்கிறவன். முன்னால் மர அறுவை மில்லில் இருந்தவன், ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"என்ன செஞ்சா இறுகாதுக்கா?"

"ஐஸ்ல போட்டு வச்சா நாளைக்கு வரைக்கும் தாங்கும். ஐஸுக்கு எங்க போக?"

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸை எடுத்துக் கிளம்பிவிட்டான். பூசணிக்காய் உடைத்து, சுண்டல் கொடுத்து, கூட்டம் கலைகிற நேரத்துக்கு வந்தான். வண்டியில் ஒரே ஒரு சாக்கு, பாதி நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"சிம்மக்கல் வரைக்கும் போயிட்டேன்க்கா. ஐஸ் கம்பெனி எல்லாம் பூட்டு. ஒரு ஜூஸ் கடைக்காரன்ட்ட கெஞ்சி இம்புட்டுத்தான் கெடச்சுச்சு."

யானைப் பசிக்குச் சோளப்பொரி. இரண்டு கட்டைகள் மேலேயும் கொட்டினோம். அவன் மனைவி சுபலட்சுமி பொரிப் பையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். "வீட்டுல ஒரு கொடம் தண்ணி எடுத்துத் தாரதில்ல, அலுமினியத்துக்கு ஐஸ் சுமக்குறாரு" என்றாள். அவன் சிரித்தான். அவள் பொரியைப் பங்கு வைத்து முடிப்பதற்குள் ஐஸ் உருகி வாசலுக்கு ஓடிவிட்டது.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் பேயாண்டி முதல் வேலையாக அந்த இரண்டு கட்டைகளையும் பிரஸ்ஸில் ஏற்றினான். முந்தின நாள் அழுத்திய இரண்டும் மாவு மாதிரி அமுங்கின. இவை அசையவில்லை. அழுத்தம் காட்டுகிற முள் கடைசி வரைக்கும் போயும் கட்டை பேருக்குத்தான் அமுங்கியது. நான் அளந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தேன்.

முதலாளிக்கு அது புரியவில்லை. "நேத்து ரெண்டுக்கும் இம்புட்டு அழுத்தம் குடுக்கலையேம்மா. இதுக்கு அதைவிடக் கூடுதலால்ல குடுத்திருக்கு. இன்னும் நல்லதுதான?"

"எம்புட்டு அழுத்துனோங்கிறது கணக்கில்லண்ணே. எம்புட்டு அமுங்குச்சுங்கிறதுதான் கணக்கு. இது அமுங்கவே இல்ல. உள்ள இருக்கிறது அப்படியே இருக்கு."

"அடுத்தது இளஞ்சூட்டுல வைக்கிற வேலை இருக்கில்ல. அதுல தணிஞ்சு போகாதா?"

"அந்தச் சூடு கட்டையப் பலமாக்கத்தான். இதத் தணிக்க அது பத்தாது. திரும்ப ஃபர்னஸ்ல போட்டு, ராத்திரி முழுக்கச் சுட்டு, காலைல முக்கி, உடனே அழுத்தணும். எல்லாம் முதல்லருந்து. வேற வழி இல்ல. இத இப்படியே எவன் அறுக்கிறானோ அவன் உசிருக்கு உத்தரவாதம் இல்லண்ணே."

அழகுபாண்டி பக்கத்தில்தான் நின்றான். "நாந்தானக்கா அறுக்கணும். நல்லா வாழ்த்துறீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டு, சரி, அடுத்த தடவை ஃபர்னஸ் காலியாகும்போது போட்டுவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். நான் இரண்டு கட்டையிலும் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுச் சுவரோரம் தள்ளி வைத்தேன். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று என்று நினைத்தேன்.

ஃபர்னஸ் காலியாகவே இல்லை. ஒரு ஆர்டர் இறங்கினால் அடுத்தது ஏறிக்கொண்டே இருந்தது. நான் கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு ஏத்திருவோம்மா" என்பார். இதற்கிடையில் நான் வராத ஒரு நாளில் அந்த இரண்டையும் மற்றவற்றோடு சேர்த்து இளஞ்சூட்டு அடுப்பில் வைத்து எடுத்துவிட்டார்கள். பெயிண்ட் கருகி உதிர்ந்துபோனது. மறுபடியும் பெயிண்ட் அடித்தேன். திட்டவும் செய்தேன். என் திட்டு அந்தப் பட்டறையில் மின்விசிறிச் சத்தம் மாதிரி, எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எங்கள் மாதா கோவிலில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறைக்குப் போவதில்லை. கட்டை வாங்குகிற கம்பெனிக்காரன் லாரியையே அனுப்பிவிட்டான், உடனே வேண்டும் என்று. கையில் அறுக்கத் தயாராக இருந்தவை அந்த இரண்டும்தான். முதலாளி அறுக்கச் சொன்னார். அழகுபாண்டி, "இதுல அக்கா குறி போட்டிருக்காங்களே" என்று கேட்டிருக்கிறான். "அதான் பிரஸ் பண்ணியாச்சுல்லடா, தங்கத்துக்கு எல்லாத்துலயும் பயம்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அப்போதும் அவனுக்கு மனது கேட்காமல் எனக்கு போன் அடித்திருக்கிறான். பூசை நேரத்தில் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது அவன் பெயர் இருந்தது. திரும்ப அடித்தேன். எடுத்தது பேயாண்டி. அழுதுகொண்டிருந்தான்.

நடந்ததை அவன்தான் பிறகு சொன்னான். ரம்பம் பாதிக் கட்டை வரைக்கும் ஒழுங்காகத்தான் இறங்கியது. அதன் பிறகு அறுத்த இடைவெளி தானாக மூடி, ரம்பப் பட்டையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கட்டை உள்ளே நெளிகிறது என்று அர்த்தம். நான் இருந்திருந்தால் எல்லோரையும் வெளியே போகச் சொல்லியிருப்பேன். ஆனால் அழகுபாண்டி மரம் அறுத்தவன். மர மில்லில் அறுப்பு மூடிக்கொண்டால் ஆப்பு வைத்து அடித்து விரிப்பார்கள். அது அவர்களுக்குச் சோறு பிசைகிற மாதிரிக் கைப்பழக்கம். அவன் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரு இரும்பு ஆப்பை எடுத்து அறுப்பில் வைத்து, குனிந்து சுத்தியலால் அடித்திருக்கிறான். கட்டை வெடி போட்ட சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மேடையிலிருந்து துள்ளி அவன் நெஞ்சில் விழுந்தது.

பெரியாஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருவதற்குள் அவன் உயிர் போய்விட்டது. முத்திருளன் அண்ணன் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. எனக்கு அவரை உலுக்கிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. என்ன கேட்டாலும் அவன் எழுந்து வரப்போவதில்லை.

அவன் ஊரில் அடக்கம் முடிவதற்குள்ளேயே பேச்சு மாறிவிட்டது. முதலில் பூசணிக்காய் சரியாக உடையவில்லை என்றார்கள். பிறகு, பூஜை நேரத்தில் அந்தம்மா எதிர்த்துப் பேசியது குற்றமாகிவிட்டது என்றார்கள். கடைசியில் எல்லோருக்கும் வசதியாக ஒன்று கிடைத்தது. ஆப்பு. "அலுமினியத்துல போயி எவனாவது ஆப்பு அடிப்பானா? மரம்னு நெனச்சுட்டான். அவன் தப்புதான்." இதைச் சொன்னவர்கள் யாரும் அவனுக்கு வேண்டாதவர்கள் இல்லை. கூடச் சாப்பிட்டவர்கள்தான். போலீஸ் வந்து கேட்டபோதும் ஆப்பைத்தான் காட்டினார்கள். நான் பூஜையன்று நடந்ததைச் சொன்னேன். "கட்டைய அழுத்தித்தானம்மா இருக்கு?" என்று அவர்கள் கேட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மிச்சம் இருந்த ஒரு கட்டையை ஃபர்னஸில் ஏற்றச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தினேன். "இப்ப அதத் தொடாதம்மா, கொஞ்சம் ஆறட்டும்" என்றார் முதலாளி. அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார்கள். மூடிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்கிற நினைப்பு.

கருமாதி முடிந்ததும் முதலாளி ஒரு நல்ல காரியம் செய்தார். அழகுபாண்டியின் தம்பி செல்வக்குமாருக்கு அண்ணன் பார்த்த வேலையையே கொடுத்தார். ஐடிஐ முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவன், கல்யாணம் ஆகாதவன். அந்தக் குடும்பத்தில் இனிச் சம்பாதிக்கிற ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். ஊரே முத்திருளனை வாழ்த்தியது. அவன் வேலைக்கு வருகிற அன்றைக்கு எனக்குத் திருமங்கலம் பஸ் தாமதமாகிவிட்டது. பட்டறை வாசலில் அழகுபாண்டியின் டிவிஎஸ் பக்கத்தில் சுபலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கொழுந்தனோடு வந்திருக்கிறாள், வண்டியை எடுத்துப் போக. என்னைப் பார்த்ததும் கண் கலங்கினாள்.

"அவன் உள்ள இருக்கானா?" என்று கேட்டேன்.

"வந்ததும் வேலை குடுத்துட்டாங்கக்கா. மொதலாளி அண்ணன்தான் சொன்னாரு, மொத நாளு, சுலபமான வேலையாக் குடுங்கன்னு."

உள்ளே பேண்ட்சா மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்டது. சுவரோரம் பார்த்தேன். தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது. கட்டை இல்லை.

இந்த வயதில் நான் அப்படி ஓடியதில்லை. பேண்ட்சா மேடையில் அந்தக் கட்டை, மேலே ரம்பம் இறங்கிக்கொண்டிருக்கிறது, செல்வக்குமார் அண்ணன் நின்ற அதே இடத்தில் நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான். மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தேன். பட்டறை மொத்தமும் இருட்டிப்போய் நின்றது.

"வெளிய போடா. எல்லாரும் வெளிய போங்க" என்றேன்.

பேயாண்டி ஓடி வந்தான். "மேடம், நேரா ஒரே அறுப்பு. பையனுக்கு ஈஸியா இருக்கும்னுதான்..."

"அவன் அண்ணனுக்கும் அன்னைக்கு நேரா ஒரே அறுப்புதான்யா."

ரம்பம் கட்டையில் ஒரு கீறல்தான் போட்டிருந்தது. அந்தமட்டும் தப்பியது. அறைக்குள்ளிருந்து முதலாளி வந்தார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அனுமதியும் கேட்கவில்லை. மெயினைப் போட்டு, பேயாண்டியைக் கிரேன் ஓட்டச் சொன்னேன். அவன் முதலாளி முகத்தைப் பார்த்தான். "அங்க என்னடா பாக்குற, தூக்கு" என்றேன். ஃபர்னஸில் ஏற்றி வைத்திருந்த வேறு ஆர்டரை இறக்கிவிட்டு, இந்தக் கட்டையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம்.

அப்போதுதான் சுபலட்சுமி உள்ளே வந்து நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற செல்வக்குமாரின் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா அது?" என்றாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருப்பதில் யாருக்கு லாபம்? பிரஸ், பூஜை, ஐஸ், எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் அவளுக்கே தெரியும். எதற்கு என்றுதான் அன்றைக்குத் தெரியாது. உள்ளே இருக்கிற இந்தக் கட்டையோடு கூடப் பிறந்ததுதான் உன் வீட்டுக்காரன் மேல் விழுந்தது, ஆப்பு வைக்காவிட்டாலும் அது என்றைக்காவது யார் மேலாவது வெடித்திருக்கும் என்றேன்.

அவள் ஃபர்னஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப என்ன செய்யுறீங்க?"

"திரும்பச் சுடுறோம். காலைல முக்கி, உடனே அழுத்திருவோம்."

"அப்புறம் வெடிக்காதா?"

"வெடிக்காது."

"எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு ராத்திரி."

அவள் என்னை விட்டுவிட்டு முதலாளி பக்கம் திரும்பினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு ராத்திரிதானாண்ணே?" என்று கேட்டாள்.

செல்வக்குமார், "வாங்க மதினி, போவோம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"ஆப்பு அடிச்சுத்தான் செத்தாருன்னு நீங்க எல்லாரும் சொன்னீங்கண்ணே. நான் நம்பிட்டேன். கோட்டிப் பயலே, இப்படியா சாவேன்னு, பாடையில தூக்குற வரைக்கும் அவரத்தாண்ணே வஞ்சுக்கிட்டே இருந்தேன்."